விளைந்ததைக் காப்பது எப்படி? வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்துள்ள கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். கடற்கரையை ஒட்டி வாழ்பவர்களின் தோட்டத்துக்கும் வற்றல் சாடிக்கும் இரண்டு தொல்லைகள் பொதுவானவை: தண்ணீரில் இருக்கும் உப்பு, காற்றில் இருக்கும் ஈரம். உள்மாவட்டத்து முறைகளை அப்படியே பின்பற்றினால் இங்கே பலன் குறையும் என்பதால், இந்தக் கேள்விகளைத் தனியாக எடுத்துப் பேசுவது அவசியமாகிறது.

தேவனாம்பட்டினம் வாசகி ஒருவர்: எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சற்று உவர்ப்பாக இருக்கும். பீன்ஸ் விதைத்தால் முளைக்கிறது; பிறகு இலையோரம் கருகி, வளராமல் நின்றுவிடுகிறது. உரம் போதவில்லையா அம்மா? என்ன போடலாம்?

உரம் போட வேண்டாம். இலையோரம் கருகுவது உப்பு மிகுந்ததன் அடையாளம். இரசாயன உரமும் ஒரு வகை உப்புதான் என்பதால், அதைக் கூட்டினால் கருகல் அதிகமாகும். காய்கறிகளிலேயே உப்பை மிகக் குறைவாகத் தாங்குவது பீன்ஸ். மண்ணின் உப்பை டெசிசீமன்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அந்த அளவு 1-ஐத் தாண்டியதும் பீன்ஸின் விளைச்சல் சரியத் தொடங்கும். தட்டைப்பயறு ஏறக்குறைய 5 வரையிலும், கொத்தவரை 8-க்கு மேலும் தாங்கும். அதோடு பீன்ஸ் குளிர்ந்த பருவத்தை விரும்பும் பயிர். கடலூர் வெயில் அதற்குப் பகை. ஆகவே அந்த இடத்தில் ஆடியில் கொத்தவரையும் தட்டைப்பயறும் விதையுங்கள். அவ்வளவாக உப்பைத் தாங்காத கத்தரி, மிளகாய் ஆகியவற்றை மழைக்காலம் முடிந்ததும் தைப் பட்டத்தில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணின் உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்கியிருக்கும். ஆண்டில் உங்கள் மண் மிகவும் நல்ல நிலையில் இருப்பது அப்போதுதான்.

தண்ணீர் விடும் முறையையும் மாற்ற வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கிவிடும். இடைவெளி விட்டு, விடும்போது வேருக்குக் கீழே இறங்கும்படி நிறைய விட்டு, மண்ணின் மேல் வைக்கோல் அல்லது காய்ந்த சருகைப் பரப்பிவிடுங்கள். உவர்நீரை இலையின் மேல் ஊற்றாதீர்கள். தொட்டியில் வளர்ப்பதானால் தென்னை நார்க்கழிவை வாங்கியவுடன் போடாமல், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும். அதிலும் உப்பு இருக்கும். கூரையில் விழும் மழைநீரை ஒரு பீப்பாயிலாவது பிடித்து வைத்து, நாற்றுப் பருவத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது பெரும் உதவியாக இருக்கும்.

லாஸ்பேட்டை வாசகி ஒருவர்: மாடித் தோட்டத்தில் கொத்தவரங்காய் நிறையக் காய்த்தது. என் மாமியார் சொன்னபடி உப்பு நீரில் வேகவைத்து, சித்திரை வெயிலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். நன்றாகத்தான் காய்ந்திருந்தது. ஐப்பசி மழையில் எல்லாம் நமுத்து, சிலவற்றில் பூசணம் பிடித்துவிட்டது. எங்கே தவறு?

உங்கள் மாமியார் சொன்ன முறை சரியானதே. பிழை, உலர்த்தியதன் கடைசிக் கட்டத்திலும் பையிலும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்புகள் அதற்கும் முன்பே கசியும். மழைக்காலத்தில் நம் கடற்கரைக் காற்று பல நாட்கள் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது. மெல்லிய பையை அவிழ்த்துக் கட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்று உள்ளே போகிறது; உப்பேறிய வற்றல் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே கடற்கரை வீட்டில் வற்றலுக்கு உப்பைச் சற்றுக் குறைவாகப் போடுவதே நல்லது. வற்றலைக் காக்க வேண்டியது அதன் உலர்ச்சி, உப்பு சுவைக்காக.

இனிச் செய்முறைக்கு வருவோம். விதை புடைக்கும் முன்பே, நரம்பு ஏறாத பிஞ்சாகப் பறியுங்கள். பறித்த அன்றே வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டு நாள் கூடையில் கிடந்த காய் எவ்வளவு வெயில் கண்டாலும் நிறமும் மணமும் குன்றித்தான் வற்றலாகும். காம்பு கிள்ளிக் கழுவி, கொதிக்கும் உப்பு நீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டும் போட்டு எடுத்து வடித்துவிடுங்கள். காயைப் பழுக்கவும் முற்றவும் வைக்கிற நொதிகள் அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். அதற்கு மேல் வெந்தால் காய் குழைந்து, உலர்வதற்குக் கூடுதல் நாள் எடுக்கும். பிறகு வெள்ளைத் துணியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஈயும் தூசியும் அண்டாதபடி கொசுவலைத் துணியால் மூடுங்கள்.

எப்போது எடுப்பது என்பதில்தான் கடலோரத்தின் தனித்தன்மை இருக்கிறது. பங்குனி, சித்திரையில் முற்பகலில் வீசும் காற்று உலர்ந்திருக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று ஏறியதும் வெயில் சுட்டாலும் காற்றில் ஈரம் கூடிவிடும். பொழுது சாயும்வரை மாடியில் விட்டுவைத்தால், காலையில் இழந்த ஈரத்தில் ஒரு பங்கை வற்றல் மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆகவே காலையில் வெயில் ஏறியதும் பரப்பி, மாலை நான்கு மணிக்கு முன்பே அள்ளி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். முழுமையாக உலராத நாட்களில் இரவில் டப்பாவில் மூடக் கூடாது. தட்டில் பரப்பித் துணி போட்டு வைக்க வேண்டும்.

உலர்ந்துவிட்டதா என்று கையால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எடை பாருங்கள். கொத்தவரையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். காம்பு நீக்கிய ஒரு கிலோ காய் சரியாக உலர்ந்தால் 200 கிராம் அளவில் நிற்க வேண்டும். 300 கிராம் இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வெண்டைக்காயில் நீர் இன்னும் அதிகம். ஒரு கிலோவுக்கு 110 முதல் 120 கிராம்தான் மிஞ்சும். வளைத்தால் மடங்கக் கூடாது, ஒடிய வேண்டும். ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிப் பாருங்கள். உட்புறம் ஆவி படிந்தால், அல்லது வற்றல் ஒன்றோடொன்று ஒட்டினால், மீண்டும் வெயிலில் போட வேண்டும். பெரிய டப்பா ஒன்றைவிடச் சிறு பாட்டில்கள் பல சிறந்தவை. ஒன்றைத் திறந்தால் மற்றவை காக்கப்படும். ஆவணி, புரட்டாசியில் நல்ல வெயில் வரும் நாளில் எல்லாவற்றையும் ஒரு முறை காயவைத்து மூடிவிட்டால் அடைமழையைத் தாண்டிவிடலாம்.

பூசணம் பிடித்ததைத் துடைத்துவிட்டு எண்ணெயில் பொரிக்கலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சில பூசணங்கள் விடும் நஞ்சு சமையல் சூட்டில் அழியாது. மனம் கேட்காவிட்டாலும் அந்தப் பையை முழுவதுமாகக் கொட்டிவிடுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர்: வெளிநாட்டில் உள்ளவர்கள் பீன்ஸையும் கேரட்டையும் உப்பு நீரோடு பாட்டிலில் அடைத்து ஆண்டு முழுவதும் அலமாரியில் வைத்திருப்பதைப் பார்த்தேன். நம் வீட்டு குக்கரில் பாட்டிலை வைத்து வேகவைத்து அப்படிச் செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தப் பகுதியில் நான் எழுதும் வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மண்ணில் இயல்பாகவே வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் (அது உறங்குநிலையில் இருக்கும் வடிவம்) காய்களில் ஒட்டியிருக்கும். திறந்த காற்றில் அவை தீங்கு செய்வதில்லை. ஆனால் காற்று இல்லாத, புளிப்பும் இல்லாத, ஈரமான இடம் கிடைத்தால் அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சை உண்டாக்கும். உப்பு நீரோடு அடைத்த பீன்ஸ் பாட்டில் அவற்றுக்கு ஏற்ற இடம். கொதிநீரின் 100 டிகிரியில் அந்த வித்துகள் சாவதில்லை. அழுத்தத்தில் 121 டிகிரியை அடைந்து, குறித்த நேரம் பாட்டிலின் நடுப்பகுதி வரை அந்தச் சூடு நிலைக்க வேண்டும். நம் குக்கரும் அந்தச் சூட்டை நெருங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சிறியது, விரைவில் சூடேறி விரைவில் ஆறுகிறது, பாட்டில் அடைப்பதற்கென்று சோதித்து வகுத்த நேர அளவும் அதற்கு இல்லை. அங்கே அவர்கள் பயன்படுத்துவது அதற்கென்றே செய்த பெரிய அழுத்தக் கலன். நஞ்சேறிய பாட்டிலில் நாற்றமோ நிறமாற்றமோ தெரியாமலே இருக்கக்கூடும் என்பதால், முகர்ந்து பார்த்தோ ருசி பார்த்தோ முடிவு செய்ய முயல்வதும் ஆபத்து. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்திருப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அமிலம் இருந்தால் நிலைமை மாறிவிடும். புளிப்பை அளக்கும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த நுண்ணுயிரி முளைக்காது. எலுமிச்சை ஊறுகாயும் மாங்காய் ஊறுகாயும் தலைமுறைகளாக நம் வீடுகளில் கெடாமல் இருந்ததற்கு உப்போடு அந்தப் புளிப்பும் காரணம். பீன்ஸ், கேரட் போன்றவற்றை வைத்திருக்க விரும்பினால் 5 விழுக்காட்டு வினிகரும் தண்ணீரும் சம அளவாகக் கொதிக்கவைத்து அதில் ஊறப்போட்டு, குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் முடித்துவிடலாம். உறைபெட்டி இருந்தால் மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்து உறையவைக்கலாம். எனினும் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு எத்தனை நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்தோம் என்பதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டின் சேமிப்பு முழுவதையும் உறைபெட்டியை நம்பி வைக்காமல், ஒரு பங்கையாவது வற்றலாகவும் ஊறுகாயாகவும் மாற்றிவிடுவது இந்த ஊருக்கு ஏற்ற ஏற்பாடு.

நெல்லிக்குப்பம் வாசகி ஒருவர்: தக்காளி ஒரே நேரத்தில் பழுத்துவிடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சுவையே இல்லை.

பழுக்காத தக்காளிக்கு 10 டிகிரிக்குக் கீழான குளிர் ஆகாது. மணத்தை இழந்து மாவுபோல் ஆகிவிடும். அடிப்பகுதியில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கியதும் பறித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் அடுக்குங்கள், ஒவ்வொன்றாகப் பழுக்கும். கூடை நிறைந்துவிட்டால் நல்லெண்ணெயும் புளியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கிளறித் தொக்காக்கிவிடுங்கள். தக்காளியின் புளிப்பு 4.6 என்ற எல்லையை ஒட்டியே நிற்பதால் புளியைக் குறைக்காமல், ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள். மோர் மிளகாயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: கீறிய மிளகாயை உப்பிட்ட புளித்த தயிரில் இரவு ஊறவைத்து, பகலில் வெயிலில் போட்டு, மாலையில் மீண்டும் அதே தயிரில் போட வேண்டும், தயிர் முழுவதும் வற்றும்வரை இதைத் தொடருங்கள்.

வில்லியனூர் வாசகர் ஒருவர்: கடையில் வாங்கிய கத்தரி விதையில் முதல் முறை அருமையாகக் காய்த்தது. அதன் விதையை எடுத்து நட்டபோது ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக இருக்கிறதே, ஏன்?

நீங்கள் வாங்கியது வீரிய ஒட்டு விதையாக இருக்க வேண்டும். அதன் அடுத்த தலைமுறையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து வருவது இயல்பு. விதை சேமிக்க நினைப்பவர்கள் நாட்டு வகைகளையோ ஆராய்ச்சி நிலையங்களின் தேர்வு வகைகளையோ நாட வேண்டும். கடலூர் மாவட்டத்துப் பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1 கத்தரி அங்கே உருவானது. உங்களுக்கு அருகில் குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. நேரில் போய்க் கேளுங்கள்.

கத்தரியில் நோயற்ற நல்ல செடியின் காய் ஒன்றிரண்டைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுங்கள். வெண்டையைச் செடியிலேயே நெற்றாக விடலாம். பாகல், பீர்க்கு போன்ற கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் அண்டை வீட்டு வகையோடு கலந்துவிடும். விரியப்போகும் பெண் பூவை மெல்லிய துணியால் மூடி, விரிந்ததும் உங்கள் கொடியின் ஆண் பூவால் தொட்டு, மீண்டும் மூடிவைக்க வேண்டும். பீர்க்கு மாலையில் விரியும், பாகல் காலையில் விரியும். எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் தூவி, கண்ணாடிப் புட்டியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போட்டு மூடுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மஞ்சக்குப்பம் வாசகி ஒருவர்: பண்ருட்டியிலிருந்து உறவினர்கள் பலாப்பழம் கொண்டுவரும்போது கொட்டைகள் குவிந்துவிடுகின்றன. சில நாளில் முளைத்தோ அழுகியோ போகின்றன.

வழவழப்பு போகக் கழுவி நிழலில் உலர்த்தி, செம்மண்ணைக் குழைத்துக் கொட்டையின் மேல் பூசிக் காயவைத்து, உலர்ந்த மணல் நிரப்பிய மண்பானையில் புதைத்து வையுங்கள். பானை தரையைத் தொடாமல் மணைப்பலகையின் மேல் இருக்கட்டும். குழம்புக்கு வேண்டியபோது தேவையான அளவு மட்டும் எடுத்து, மண்ணைக் கழுவிப் பயன்படுத்துங்கள்.