அம்பு எந்தப் பக்கம்? கிளாஸ் வரைபடம் பற்றிக் கேள்வி பதில்

பெங்களூரில் இருபது வருடமாக மென்பொருளுக்கு ஆவணம் எழுதிப் பிழைக்கிறேன். புதிதாக நிரல் எழுதப் படிப்பவர்களுக்கு இன்ஹெரிடன்ஸை (கிளாஸ் என்பது நிரலில் எழுதும் ஒரு வார்ப்பு; ஒரு கிளாஸ் இன்னொன்றிடம் உள்ளதைப் பெற்றுக்கொள்வதே இது) எப்படி எழுதிக் காட்டுவது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே ஒரு வேண்டுகோள்: விலங்கு, நாய், பூனை உதாரணத்தோடு வராதீர்கள்.

ஒயிட்ஃபீல்ட் தம்பி: அக்கா, படத்தில் அம்பு மகள் கிளாஸிலிருந்து அம்மா கிளாஸுக்குப் போகிறது. சொத்து அம்மாவிடமிருந்துதானே மகளுக்கு வரும்? தலைகீழாக இருக்கிறதே?

உங்கள் ஆதார் அட்டையைப் பாருங்கள். பெயரோடு அப்பாவின் இனிஷியல் இருக்கும். அப்பாவின் அட்டையில் உங்கள் இனிஷியல் இருக்கிறதா? கிளாஸும் அப்படித்தான். மகளை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் அம்மாவின் பெயரைப் போடுகிறோம். அம்மாவின் நிரலில் மகளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. யார் யாரைச் சொல்கிறார் என்பதைத்தான் அம்பு காட்டுகிறது. யூஎம்எல் (மென்பொருள் வரைபடங்களுக்கான பொதுக் குறியீட்டு முறை) படத்தில் உள்ளே வெறுமையான முக்கோணத் தலை எப்போதும் பெற்றோர் பக்கம்.

கே.ஆர்.புரம்: இன்டர்வியூவில் மல்டிபிள் இன்ஹெரிடன்ஸ் (ஒரு கிளாஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோர்) கேட்பார்களா?

கேட்பார்கள்.

ஓசூரிலிருந்து தினமும் வந்து போகிறவர்: டைமண்ட் பிராப்ளம் என்பதை எந்த ஆவணத்தில் படித்தாலும் புரியவில்லை.

எழுதுபவர்கள் படத்தை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அதனால்தான். பைத்தான் 3-ல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், நீங்களே ஓட்டிப் பாருங்கள். பாட்டி என்று ஒரு கிளாஸ். அம்மா, அப்பா இரண்டும் பாட்டியிடமிருந்து வருகின்றன. (மாமன் மகளைக் கட்டிய வீடுகளில் இது அதிசயமே இல்லை.) மகள் என்ற கிளாஸை எழுதி, அடைப்புக்குறிக்குள் அம்மா, அப்பா என்று இரண்டு இனிஷியலையும் போடுங்கள். மேலே பாட்டி, நடுவில் இருவர், கீழே மகள் என்று வரைந்தால் டைமண்ட் வடிவம் வரும். நான்கிலும் வணக்கம் என்று ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்). ஒவ்வொன்றும் தன் பெயரை அச்சிட்டுவிட்டு, சூப்பர் என்ற பைத்தான் சொல் மூலம் அடுத்த வணக்கத்தைக் கூப்பிட வேண்டும். பாட்டி மட்டும் பெயரை அச்சிட்டு நிறுத்திக்கொள்ளட்டும்.

மகளின் வணக்கத்தைக் கூப்பிட்டால் திரையில் வருவது: மகள், அம்மா, அப்பா, பாட்டி. அம்மாவுக்குள் எழுதிய சூப்பர் பாட்டியிடம் போகவில்லை, அப்பாவிடம் போயிருக்கிறது! அம்மா கிளாஸில் ஒரு ஆப்ஜெக்ட் (அந்த வார்ப்பில் வார்த்த பொருள்) செய்து அதே மெத்தடைக் கூப்பிடுங்கள், நேரே பாட்டியிடம் போகும். மெத்தடைத் தேடும் இந்த வரிசைக்குத்தான் எம்ஆர்ஓ (மெத்தட் ரிசல்யூஷன் ஆர்டர்) என்று பெயர். 1996-ல் டிலன் மொழிக்காக வகுத்த சி3 முறையை 2003-ல் பைத்தான் 2.3 எடுத்துக்கொண்டது. பிள்ளைக்குப் பிறகுதான் பெற்றோர், அடைப்புக்குறியில் இடப்பக்கம் இருப்பவர் முதலில். இரண்டும் ஒத்துவராவிட்டால், உதாரணமாக அடைப்புக்குறிக்குள் பாட்டி, அம்மா என்று போட்டால், டைப்எரர் என்ற பிழைச்செய்தி கொடுத்து நின்றுவிடும்.

இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். பழைய அலுவலகம் ஒன்றில், 'இந்த மெத்தட் கடைசியில் பேஸ் கிளாஸின் (பெற்றோரின்) குளோஸ் மெத்தடைக் கூப்பிடும்' என்று ஆவணத்தில் எழுதினேன். எழுதிய நாளில் அது சரி. ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு பிள்ளை கிளாஸுக்கு இரண்டாவது பெற்றோரைச் சேர்த்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் என் வரியை நம்பி இரண்டு நாள் தேடியிருக்கிறாள். இப்போதெல்லாம் 'வரிசையில் அடுத்திருப்பதைக் கூப்பிடும்' என்றுதான் எழுதுகிறேன்.

ஜெயநகர்: சி பிளஸ் பிளஸில்?

அம்மாவும் அப்பாவும் பாட்டியின் பெயரைச் சொல்லும் இடத்தில் விர்ச்சுவல் என்று சொல்லாவிட்டால் மகளுக்குள் இரண்டு பாட்டி உட்கார்ந்திருப்பார்கள். உள்ளீடு, வெளியீட்டுக்கான ஐஓஸ்ட்ரீம் கிளாஸ் என்பதே இந்த டைமண்ட்தான், அங்கே விர்ச்சுவல் போட்டு ஒரே பாட்டி ஆக்கியிருக்கிறார்கள்.

ஜாலஹள்ளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, வகுப்பில் எத்தனையோ வம்சாவளி வரைந்தவன் நான். கோடு மேலிருந்து கீழேதான் வரும். முதல் பதிலில் சொன்ன அம்பு பிள்ளைகளைக் குழப்பாதா?

குழப்பும் ஐயா. ஆனால் வம்சாவளியில் வெறும் கோடுதான், அம்பு கிடையாது. அம்பு என்று வந்துவிட்டால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும்.

அல்சூர்: ஆசிரியர் பக்கம்தான் நான். ஸ்ஃபிங்க்ஸ் (பைத்தான் ஆவணக் கருவி) தானாக வரையும் படத்தில் அம்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குத்தான் போகிறது!

மடக்கிவிட்டீர்கள். உண்மைதான். டாக்ஸிஜென் என்ற இன்னொரு ஆவணக் கருவியின் படத்தில் பெற்றோரை நோக்கிப் போகும், ஸ்ஃபிங்க்ஸில் பிள்ளையை நோக்கி. இரண்டையும் பார்த்த மாணவன் என்னதான் செய்வான்? எந்தப் படம் போட்டாலும் அடியில் 'அம்புக்குறி பெற்றோரைக் காட்டுகிறது' என்றோ 'பிள்ளையைக் காட்டுகிறது' என்றோ ஒரு வரி எழுதிவிடுங்கள். என் ஓட்டு இன்னும் யூஎம்எல் பக்கம்தான்.

ஜெயநகர், மறுபடியும்: அப்போ ஸ்ஃபிங்க்ஸ் தப்பா?

தப்பு என்று சொல்லவில்லை. முந்தைய பதிலை மறுபடி படியுங்கள்.

இந்திராநகர்: ஜாவாவில் இந்தத் தொல்லையே இல்லையே?

கிளாஸுக்கு ஒரே பெற்றோர், அதனால் பெரும்பாலும் இல்லை. 2014-ல் ஜாவா 8 இன்டர்ஃபேஸில் (கிளாஸ் தர வேண்டிய மெத்தட்களின் பட்டியல்) டிஃபால்ட் மெத்தடை, அதாவது நிரலோடு வரும் மெத்தடை, விட்டதும் வாசலில் வந்து நின்றது. இரண்டு இன்டர்ஃபேஸ் ஒரே மெத்தடைக் கொடுத்தால், கிளாஸே அதைத் திருப்பி எழுதாதவரை கம்பைல் ஆகாது. பைத்தான் சத்தமில்லாமல் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும், ஜாவா உங்களையே முடிவு செய்யச் சொல்லும். கற்பவனுக்கு ஜாவா செய்வதே நல்லது என்பேன்.

பானசவாடி அக்கா: ஒரு கிளாஸின் பக்கத்தில் கட்டாயம் என்ன எழுத வேண்டும்?

புதியவன் மகள் பக்கத்தைத் திறக்கிறான், தேடும் மெத்தட் அங்கே இல்லை. அது இரண்டு மாடி மேலே பாட்டியிடம் இருக்கிறது. ஆகவே பெற்றுக்கொண்ட மெத்தட்களையும், எது யாரிடமிருந்து வந்தது என்று பிரித்துப் போடுங்கள். ஜாவாவின் ஆவணக் கருவியான ஜாவாடாக் இதைத் தானே செய்யும், ஸ்ஃபிங்க்ஸிடம் கேட்டு வாங்க வேண்டும். பெற்றோர் இருவர் என்றால் எம்ஆர்ஓ வரிசையையும் அப்படியே ஒட்டுங்கள், கையால் வரைந்த படம் அடுத்த ரிலீஸிலேயே பொய் சொல்லும்.

மாரத்தஹள்ளி: அக்கா, விலங்கு என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து பறவை, அதிலிருந்து பென்குயின்...

தம்பி, முதல் பத்தி.

சில்க் போர்டு சிக்னலிலிருந்து: பஸ் நகரவில்லை, அதனால் கேட்கிறேன். கடைசியில் அம்பு மேலேயா, கீழேயா?

பஸ் நகர்வதற்குள் ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள்.