ஒரு வெள்ளி (ரிங்கிட்) மட்டும் வாங்கும் மலேசிய அரசாங்க கிளினிக்குக்கு நாம் ஏன் ஆதரவு தர வேண்டும்? மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டு எடுத்தால் போதாதா?

உங்களுக்குக் கோலாலம்பூரில் வேலை, பெற்றோர் இன்னும் தோட்டப்புறத்தில் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலான கார்டுகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செல்லும். மாதாமாதம் இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரை வாங்க அது உதவாது.

பேராவில் ஒரு தோட்டப் பட்டணத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வழியில் நிற்கும் பெரியவர்களை 'கிளினிக் கெசிஹாத்தான்' என்கிற அந்த அரசாங்க கிளினிக்கில் விடுவேன். காசு வாங்குகிறேன் என்று ஒருவர் சொல்லித் திரிகிறார். வாங்குவதில்லை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர், லயத்து வீடுகளுக்கே வந்து பார்ப்பார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு டிரசரும் போனார், பஸ்சும் போனது. அம்மாவின் இனிப்பு நீருக்குப் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டி வந்தோம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், மாத்திரை, பில். அவ்வளவுதான். அரசாங்க கிளினிக்கில் தாதி முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். அம்மாவைக் கண்ணை மூடவைத்து, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டார். இழை வளையும் அளவுக்கு அழுத்தி, கட்டைவிரல், குதிகால் என்று ஒவ்வோர் இடமாக. "தொட்டதும் சொல்லுங்க பாட்டி."

"நீ தொடும்மா, சொல்றேன்" என்று அம்மா காத்துக்கொண்டிருந்தார். அதற்குள் பாதிக் காலைத் தொட்டாகிவிட்டது.

விரலிடுக்கில் ஒரு புண். எங்களுக்கே தெரியாது. அங்கேயே மருந்து கட்டினார்கள், ஆறிவிட்டது. கால் மிஞ்சியது.

தனியார் டாக்டர்களைத் திட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். ராத்திரியில் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் நானும் அங்கேதான் ஓடுகிறேன். வரிசை நீளம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு வெள்ளிக்கு டாக்டரும் மருந்தும் நமக்குத்தான். நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசி அதைவிட அதிகம் கட்ட வேண்டும்.

ஆதரவு என்றால் நன்கொடை இல்லை. கிளினிக் கொடுத்த தேதியில் பெரியவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். சுகாதார அமைச்சின் 'கொஸ்பென்' என்ற சமூக நலத் திட்டத்தில் தொண்டர்கள் 2013 முதல் இருக்கிறார்கள். நம் ஆட்களே ரத்த அழுத்தமும் எடையும் பார்த்து, தேவைப்பட்டால் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் கோயில் மண்டபத்தைக் கேட்டோம். நிர்வாகம் வாடகை கேட்டது! திருவிழாவுக்கு ஒலிபெருக்கி நாலு திசையிலும் வைக்கக் காசு இருக்கிறது, அடுத்த வருஷம் இன்னும் பெரிதாம். கணக்கு கேட்டால் குடும்பத்தோடு பகை. சரி, அதை விடுங்கள்.

அப்பாவுக்கு நாற்பது தாண்டி, குடும்பம் அரசாங்க உதவித்தொகை வாங்குகிறது என்றால், வருமானம் குறைந்தவர்களுக்கான 'பெக்கா பி40' திட்டத்தில் உடல் பரிசோதனை இலவசம். பதிந்த தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் நாளா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். எடுத்து முடிந்ததும் சாப்பிட ஏதாவது கட்டிக்கொடுங்கள், அங்கே கேன்டீன் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.