தலைமைக் குழுவ நம்பலாமா?

கேள்வி: வெளிநாட்டுப் படிப்புக்கு ஒரு கல்வி கன்சல்டிங் குரூப்ப பாத்தேன், பிரோஷர்ல சிஇஓ, டைரக்டர், அட்வைசர்னு பத்து போட்டோ இருக்கு. இத வச்சு நம்பலாமா?

பதில்: பட்டத்த விடுங்க, யாரு என்ன வேலை பாக்குறாங்கன்னு கேளுங்க. அட்வைசரி போர்டுல இருக்குறவங்க பல இடத்துல எப்பவாவது கூப்பிட்டு கருத்து கேக்கப்படுறவங்கதான், உங்க ஃபைல அவங்க பாக்க வாய்ப்பு கம்மி, அதனால அட்மிஷன் பிரிவுக்கு யாரு தலைமை, அவங்க முன்னாடி எந்த காலேஜ்ல அட்மிஷன் வேலை பாத்தாங்க, தப்பு நடந்தா யாருகிட்ட புகார் சொல்லணும், இத நேரா கேட்டுடுங்க.

அதவிட முக்கியம் காசு எங்கேருந்து வருதுங்குறது. நிறைய ஏஜென்சிக்கு பல்கலைக்கழகமே கமிஷன் தருது, அது சட்டவிரோதம் இல்ல, ஆனா மறைக்கக் கூடாது. அமெரிக்காவுல ஐஇசிஏன்னு 1976-ல ஆரம்பிச்ச, தனியா தொழில் பண்ற கல்வி ஆலோசகர்களோட சங்கம் இருக்கு, அதோட உறுப்பினர்கள் மாணவர சேத்துவிட காலேஜ்கிட்ட காசு வாங்கக் கூடாதுன்னே விதி. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும்.

விசாவும் நாங்களே பாத்துக்குறோம்னு சொன்னா கொஞ்சம் நில்லுங்க. கனடாவுக்குன்னா காசு வாங்கிட்டு விசா ஆலோசனை சொல்ல லைசென்ஸ் வேணும், அந்த டீம்ல யாருகிட்ட இருக்குன்னு லைசென்ஸ் நம்பர் கேட்டு வாங்கி, லைசென்ஸ் குடுக்குற அமைப்போட பட்டியல்ல பாத்துட்டு அப்புறமா பணம் கட்டுங்க.