வரிசையாக நிற்கும் ஊசியிலை மரங்கள்

கேள்வி: அமெரிக்காவின் ஹோ மழைக்காட்டுப் படமொன்றில் மரங்கள் நேர்கோட்டில் நிற்கின்றனவே, அவை நட்டு வளர்த்தவையா?

பதில்: இல்லை, தாமாக முளைத்தவையே. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலுள்ள இந்தத் தாழ்நிலக் காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மி.மீ. மழை பெய்வதால், தரையெங்கும் பாசியும் பெரணியும் மண்டி, மண்ணில் விழும் விதைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. சாய்ந்து மட்கும் பெருமரத்தின் முதுகில் விழும் ஹெம்லாக், சிட்கா ஸ்புரூஸ் ஆகிய ஊசியிலை மரங்களின் விதைகளே அந்த நெரிசலிலிருந்து தப்பி முளைத்து, கட்டையைக் கவ்வியபடி வேர்களை மண்ணுக்குள் இறக்குகின்றன. நெடுங்காலத்துக்குப் பின் கட்டை மட்கி மறைய, அடியில் வெற்றிடம் தெரிய, பொய்க்கால் ஊன்றியவைபோல மரங்கள் வரிசையாக எஞ்சுகின்றன. கீழே நிழலில் படரும் ஆக்சாலிஸ், நம் புளியாரையின் உறவுதான். நேர்வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே இலைகளைக் குடைபோல மடக்கிக்கொள்ளும்.