சங்கிலியை அடகு வைத்து மா மூட்டை வாங்கலாமா?

கேள்வி: மஸ்கெலியாவில் தோட்டத்து லயம் ஒன்றில் ஐந்து பேராக வாழ்கிறோம். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வரப்போகிறது, சாமான்களுக்குக் கட்டுப்பாட்டு விலையும் போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. கொழும்பில் வேலை செய்யும் மகள் அனுப்பியதில் 60,000 ரூபா வங்கியில் இருக்கிறது. கடைப் பற்று 18,000 ரூபா. சங்கிலியை அடகு வைத்தாவது ஆறு மாதத்துக்கு மா, சீனி, பருப்பு, பால்மா வாங்கிப் போடலாமா?

பதில்: சகோதரி, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1973, 74இல் அரிசியும் மாவும் வெட்டப்பட்டபோது தோட்டங்களில் எத்தனை உயிர்கள் போயின என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் அடகு வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபா என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கு ஆறு மாதத்தில் 12,000 ரூபா. அதற்குள் மலைநாட்டு ஈரத்தில் மாவில் வண்டு விழுந்துவிடும்.

நீங்கள் சொன்ன இரண்டும் இரண்டு விதமான தட்டுப்பாடு. வேலைநிறுத்தத்தில் சாமான் நாட்டுக்கு வந்துவிட்டது, வெளியே வரவில்லை, அவ்வளவுதான். பருப்பும் சீனியும் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனுக்குள் கிடக்கும்; தாமதக் கட்டணம் ஏறும்; புறக்கோட்டை மொத்த விலை உயரும். கதவு திறந்ததும் பெரும்பாலும் அந்த ஏற்றம் தணியும். கோதுமையோ தானியமாகவே கப்பலில் வந்து திருகோணமலையிலும் கொழும்பிலும் உள்ள ஆலைகளில் அரைபடுகிறது. அதனால் கொள்கலன் முனையம் மூடிய அன்றே ரொட்டிக்கு மா இல்லாமல் போய்விடாது.

கட்டுப்பாட்டு விலைதான் கவனிக்க வேண்டியது. இறக்குமதி செலவைவிடக் குறைவாக விலையைக் கட்டிவைத்தால் வியாபாரி சாமானை இறக்கமாட்டார். 2021இல் பால்மாவுக்கு அதுவே நடந்தது. அட்டையில் விலை இருந்தது, தட்டில் பால்மா இல்லை. பிள்ளைக்காரத் தாய்மார் கடை கடையாக அலைந்தார்கள். ஒக்டோபரில் கட்டுப்பாட்டை நீக்கியதும் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பைக்கற் 480 ஆனது. அந்த விலை பிறகு இறங்கவில்லை, இன்னும் ஏறியது. ஆகவே கட்டுப்பாட்டு விலையில் பால்மா கிடைக்கும் நாளில், கெடாத அளவுக்கு இரண்டு மூன்று பைக்கற் கூடுதலாக எடுத்துவையுங்கள். அதில் தயங்க வேண்டாம்.

இப்போது உங்கள் 60,000. முதலில் கடைப் பற்றைத் தீருங்கள். சாமான் குறையும்போது கடைக்காரர் முதலில் மூடுவது பற்றுக் கொப்பியைத்தான். இருக்கும் பத்து கிலோ சீனியைக் கைக்காசு தருபவருக்கும், கணக்கைத் தீர்த்தவருக்கும்தான் கொடுப்பார். கடன் அடைப்பதுபோல் தெரிந்தாலும் இதுவே உங்கள் உணவுக்கு நீங்கள் செய்யும் முதல் சேமிப்பு.

அடுத்து, ஏறத்தாழ ஆறு வாரத்துக்கான சாமான். ஒரு கிழமையில் உங்கள் வீட்டில் எவ்வளவு மா போகிறது என்று அளந்து பாருங்கள். ஐந்து கிலோ என்றால் முப்பது கிலோ போதும். ஒரே நாளில் வாங்காமல் இரண்டு சம்பள நாளில் பிரித்து வாங்குங்கள். பருப்பும் சீனியும் மூடி இறுகிய டின்னில் நெடுநாள் தாங்கும், அவற்றைச் சற்றுக் கூட்டலாம். மாவைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். கரட், லீக்ஸ், கோவா நம் பக்கத்திலேயே விளைபவை. அவற்றுக்காகப் பணத்தை முடக்க வேண்டாம்.

மிச்சத்தை வங்கியிலேயே விடுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்த மாதங்களில் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் கையில் காசு இல்லாதவர்கள் பட்ட பாட்டை மூட்டை மூட்டையாக மா தீர்த்திருக்காது.

சாமானை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வதும், கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்பதும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். பற்றைத் தீர்த்தபின் பயமின்றிப் பில் கேளுங்கள். முறையிட 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.