தொண்டையில் நிற்கும் வரி

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் களியக்காவிளைப் பக்கம். அப்பா படுக்கையில் கிடந்த சமயத்தில் அண்ணன் எல்லாவற்றையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டான். எனக்கென்று அப்பா வாய்நிறையச் சொல்லிவந்த 14 சென்ட் ரப்பர் விளையும் அதோடு போயிற்று. மூன்று வருடமாகக் குழித்துறையில் கேஸ் நடக்கிறது. பாவங்களை ஃபாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். 'மன்னித்துவிடு மகளே' என்றார் ஃபாதர். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தால் கோவில் முற்றத்தில் அவன் பைக் நிற்கிறது, வயிறு எரிகிறது. பூசையில் 'எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல' என்று வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். பாறசாலைப் பக்கம் மலையாளப் பூசைக்குப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே வரிதானே! கேஸை வாபஸ் வாங்காமல் நன்மை (நற்கருணை) வாங்கக்கூடாது என்கிறார் எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் சிறு ஜெபக்குழுவில், ஒரு அக்கா. காணிக்கையைப் பலிபீடத்து முன்னால் வைத்துவிட்டுப் போய்ச் சமாதானமாகச் சொன்ன வசனத்தைக் காட்டுகிறார். என் பாவசங்கீர்த்தனம் செல்லாதா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த வசனத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். மத்தேயு 5:23, 24. சகோதரருக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால் என்றுதான் அங்கே இருக்கிறது. உங்களுக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று இல்லை. காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போகவேண்டியவர், அடுத்தவர் மனம் நோகக் காரணமாக இருந்தவர். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த வசனம் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் உங்கள் அண்ணன் வீடு. நமக்கான வசனமும் இருக்கிறது, மறைக்கவில்லை: மாற்கு 11:25. ஜெபிக்க நிற்கும்போது யார்மேலாவது ஏதாவது இருந்தால் மன்னியுங்கள் என்கிறது. ஆகவே ஃபாதர் சொன்னது சரி. ஆனால் மன்னிப்பது என்றால் என்ன என்பதில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த விளைக்காரர் ஒரு மழைக்காலத்தில் சர்வே கல்லைப் பிடுங்கி நான்கடி கீழே தள்ளி நட்டார். அம்மா விடவில்லை. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, அளக்கிறவரைக் கூட்டிவந்து, கல் பழைய இடத்துக்கு வரும்வரை ஓயவில்லை. அதே அம்மா ராத்திரி ஜெபமாலையில் ஐந்தாம் பத்து முடிந்ததும் ஒரு மணியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள். மூச்சை இழுத்து, 'மேலவிளைக்காரனுக்கும்' என்பாள். அப்புறம்தான் 'அருள் நிறைந்த மரியே' வரும். சில ராத்திரி வராது. மணி உருண்டுகொண்டே இருக்கும், விளக்கு காற்றில் ஆடும், நாங்கள் முழங்காலை மாற்றி மாற்றி வைத்துக் காத்திருப்போம். கடைசியில் மாலையை அப்படியே என் கையில் தருவாள். "எனக்கு வாயில வரல்ல மக்களே. நீ சொல்லு."

நான் சொல்வேன். பத்து வயசு எனக்கு. அவருக்காக ஏன் ஜெபிக்கவேண்டும் என்று புரியாமலே சொல்வேன்.

பின்னால் திருச்சபையின் மறைக்கல்வி நூலை வாசித்தபோது அந்த மணி ஞாபகம் வந்தது. 1992-இல் வெளியான நூல். அதில் 2843-ஆம் பத்தி கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் இந்த வரிக்கு விளக்கம். புண்பட்டதை உணராமல் இருப்பதும் அதை மறந்துவிடுவதும் நம் கையில் இல்லை என்று அங்கே வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. தூய ஆவியிடம் தன்னைக் கொடுத்த உள்ளம் அந்தக் காயத்தையே இரக்கமாக, செய்தவருக்கான மன்றாட்டாக மாற்றுகிறது என்றும் சொல்கிறது. பைக்கைப் பார்த்ததும் எரிகிறதே, அது எரியட்டும். தானாகப் பொங்கிவரும் உணர்ச்சியைத் திருச்சபை பாவம் என்பதில்லை. அவன் கெட்டுப்போகட்டும் என்று மனமறிந்து விரும்பினால்தான் பாவம். மனத்துயரோடு, மறைக்காமல் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறீர்கள். அது செல்லும். எரிச்சல் திரும்பி வந்ததால் கிடைத்த மன்னிப்பு திரும்பிப் போய்விடாது.

சிலுவையில் இயேசு என்ன சொன்னார் என்று பாருங்கள். 'தந்தையே, இவர்களை மன்னியும்' என்றார். ஆணி அடித்தவர்களுக்காக அந்த நேரத்தில் அவர் செய்தது மன்றாட்டு. அம்மா உருட்டிய மணிக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை என்று எனக்குத் தோன்றும்.

கேஸ் விஷயம். வாபஸ் வாங்கச் சொல்ல மாட்டேன். வரிவசூல்காரர் சக்கேயு வீட்டுக்கு இயேசு போனபோது அந்த ஆள் எழுந்து நின்று சொன்னது என்ன? ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். போப் இரண்டாம் ஜான் பால் 1980-இல் இறை இரக்கத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். நற்செய்தியில் எங்குமே மன்னிப்பு என்பது தீமைக்கு இடம்கொடுப்பதல்ல என்று அதில் அழுத்திச் சொல்கிறார், இழப்பை ஈடுசெய்வதும் அதோடு சேர்த்தி என்கிறார். தன்னைச் சுட்டுக் கொல்லப் பார்த்தவரை 1983 டிசம்பரில் ரோம் சிறைக்கே போய்ப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். சுட்டவர் அதற்கப்புறமும் பல வருடம் சிறையில்தான் இருந்தார்.

அந்த அன்பியத்து அக்கா அடுத்து புனித பவுலின் கடிதத்தைக் கொண்டுவருவார், தயாராக இருங்கள். 1 கொரிந்தியர் 6: நம்பிக்கை கொண்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதா என்று பவுல் கோபப்படுகிறார், இழப்பைத் தாங்கிக்கொண்டால் என்ன என்றும் கேட்கிறார். கனமான கேள்வி அது, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் அதே மூச்சில், சகோதரனையே வஞ்சிக்கிறீர்களே என்று மறுபக்கத்தையும் அவர் விடவில்லை. உங்களுக்குள் தீர்த்துவைக்க விவரமானவர் ஒருவர்கூட இல்லையா என்றும் கேட்கிறார். பங்குத்தந்தையிடம் சொல்லி, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேச ஆள் பாருங்கள். அண்ணன் வந்தால் நல்லது. வராவிட்டால் கேஸ் நடக்கட்டும். கோர்ட்டில் பொய் சொல்லாதீர்கள், வெளியே அவரைத் தூற்றாதீர்கள். நன்மை வாங்குங்கள்.

உடனே மனம் இளகவில்லையே என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளவும் வேண்டாம். கேரளத்துக் கன்னியாஸ்திரி ராணி மரியாவை 1995 பிப்ரவரியில் இந்தூர்ப் பக்கம் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டுக் குத்திக் கொன்றார் சமுந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையில் கன்னியாஸ்திரி. அவர் சிறைக்குப் போய் அந்த ஆளின் கையில் ராக்கி கட்டியது 2002-இல். நடுவில் ஏழு வருடம். அப்புறம் ராணி மரியாவைப் பெற்ற தாய் அந்தக் கைகளை முத்தமிட்டார். 2017-இல் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய அருளாளர் பட்டம் கிடைத்தபோது எல்லோரும் அந்த ராக்கியைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்த ஏழு வருடத்துமேல்தான் கண். எத்தனை ராத்திரி அந்த வீட்டில் இந்த வரி தொண்டையில் நின்றிருக்கும்!

இனி அந்த வரிக்கு வருகிறேன். 'நான் மன்னிப்பது போல' என்று நம் ஜெபத்தில் இல்லை, 'நாங்கள்' என்று இருக்கிறது. வாய் வராத ஞாயிற்றுக்கிழமை சும்மா நில்லுங்கள். பக்கத்தில் நிற்கிற பாட்டி சொல்கிறாள், முன்வரிசைப் பிள்ளைகள் சொல்கிறார்கள், உங்களையும் சேர்த்துத்தான். காது கொடுத்துக் கேளுங்கள், அது போதும். 'எங்கள் குற்றங்களை மன்னியும்' என்று வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்த வாய்தா எப்போது என்று எழுதவில்லையே. எழுதுங்கள். அன்றைக்கு ராத்திரி உங்களுக்கு ஒரு மணி, உங்கள் அண்ணனுக்கு ஒரு மணி நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா