கருக்கலைப்புப் பதிவேடு: பேரை அடித்தால் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரக் கிளினிக் ஊழியர்களும் வாசகர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் மருத்துவப் பதிவேட்டுத் துறையில் இருப்பவர்.

இங்கே கருக்கலைப்பே குற்றம்தானே, பதிவேடு எதற்கு?

முழுத் தடை இல்லை. தண்டனைச் சட்டம் 312ஆவது பிரிவில் 1989இல் விலக்கு சேர்த்தார்கள். கர்ப்பம் தொடர்ந்தால், கலைப்பதைவிடத் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து அதிகம் என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் செய்யலாம். அந்தக் காரணம் கோப்பில் இல்லையென்றால் நாளைக்கு மாட்டுவது மருத்துவர்தான்.

அக்கா, எங்களது பேனல் கிளினிக், தோட்ட நிர்வாகம்தான் பணம் கட்டுது. பில் தோட்ட ஆபீசுக்குப் போகுது. கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) பார்ப்பாரே?

கசிவதே அங்கேதான். பில்லில் 'ஆலோசனை, மருந்து' போதும். எம்சியில் (மருத்துவ விடுப்புச் சீட்டில்) எத்தனை நாள் என்பது போதும். பொய்யான நோய்ப்பெயர் எழுதாதீர்கள், எழுதாமல் விடுங்கள். விவரம் இல்லாமல் ஆபீஸ் பணம் தராதென்றால், அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கைக்காசு கட்டுவதா என்று அவரே முடிவு செய்யட்டும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நல விவரத்துக்குத் தனிக் காவல் உண்டு. தனியார் கிளினிக் அதற்குக் கட்டுப்பட்டது, அரசு மருத்துவமனை அதற்குள் வராது. மருத்துவரின் ரகசியக் கடமை இரண்டு இடத்திலும் உண்டு.

பின்விளைவை எப்படிக் கணக்கெடுப்பது?

இரண்டு புத்தகம். ஒன்றில் பேர், ஐசி (அடையாள அட்டை) எண், வரிசை எண். அது பூட்டில் இருக்கட்டும். மற்றதில் வரிசை எண், வயது வரம்பு, கர்ப்ப வாரம், முறை, இரண்டாம் வாரப் பரிசோதனை. மணிக்கு இரண்டு பெரிய பேட் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்ததா, காய்ச்சல், மிச்சத் திசு, இரத்தம் ஏற்றியது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது எல்லாம் தனித்தனிக் கட்டம். பரிசோதனைக்குத் திரும்பி வராத பெண்ணை 'நலம்' என்று எழுதாதீர்கள், 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். இந்த ஒன்றில்தான் பாதிக் கணக்கு பொய்யாகிறது.

ஐசி எண்ணைக் குறியீடாக வைக்காதீர்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்.

ஆசிரியர் ஒருவர்: பேர் இல்லாமல் தோட்டவாரியாக எண்ணிக்கை போட்டால்தானே நிர்வாகம் அசையும்? மூடி மூடி வைத்தே கெடுத்தீர்கள்.

சார், நாற்பது வீட்டுத் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) '19 வயது, ஜூலை, ஒன்று' என்று போட்டால் பேர் எதற்கு?

அப்போது ஐந்துக்குக் கீழே இருப்பதை மட்டும் மறையுங்கள்.

மறைத்துவிட்டு அடியில் மொத்தம் போடுவீர்கள், கழித்தால் வந்துவிடும். இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும்.

மறைத்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்?

நியாயமான கேள்வி. தோட்டத்தை விட்டு மாவட்டமாக, மூன்று வருடத்தைச் சேர்த்துப் போடுங்கள். தாய்மார் மரணத்தை நம் நாட்டில் 1991 முதல் பேர் நீக்கித்தான் ஆராய்கிறார்கள். படிக்க வேண்டியதைப் படிக்க முடிகிறது.

15 வயதுப் பெண் என்றாலும் ரகசியமா?

முழு ரகசியம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 16 வயதுக்குக் கீழ் உடலுறவுக்குக் கொடுக்கும் சம்மதம் சட்டத்தில் செல்லாது. பாலியல் கொடுமை என்று நம்பக் காரணமிருந்தால் 2001 சிறார் சட்டம் 27ஆவது பிரிவுப்படி மருத்துவர் சமூகநல அதிகாரிக்கு உடனே சொல்லியாக வேண்டும். விசாரிக்கத் தொடங்கும் முன்பே அதை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை எங்கே கிடைக்கும்?

இங்கே இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

ஐசியின் கடைசி நான்கு எண்ணை மட்டும் குறியீடாக வைக்கலாமா?

கூடாது. அதுவும் ஐசி எண்தான். வரிசை எண் போதும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் நோயாளி கார்டைப் படம் பிடித்து…

கூடாது.